இரண்டு கீழறைகளும் ஒருசேரத் துடிக்க

ஓவர்லாக் மெஷினில் ஊசியும் லூப்பரும் மயிரிழை முன்பின் ஆனாலும் தையல் விட்டுப்போகும். ‘டைமிங் போச்சு’ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவது திருப்பூரில் அன்றாடக் காட்சி. மெஷின் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே துணியைக் கெடுக்கும். இதயத்துக்கும் இந்தக் கோளாறு உண்டு.

இடது பக்கம் பிந்தினால்

இதயத்தின் இடது மின்கிளையில் தடை வந்தால் வலது கீழறை முந்தியும் இடது கீழறையின் வெளிச்சுவர் பிந்தியும் சுருங்கும். ஈசிஜியில் கியூஆர்எஸ் அலை 150 மில்லிசெகண்டைத் தாண்டி, இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 35 சதவீதத்துக்குக் குறைந்து, மருந்து சாப்பிட்டும் மூச்சு வாங்குகிறவர்களுக்கு சிஆர்டி பேஸ்மேக்கர் கைகொடுக்கிறது. இரண்டையும் ஒருசேரத் துடிக்கவைக்க இரு கீழறைகளுக்கும் தனித்தனி வயர் என்பதே இதன் சிறப்பு. 2001-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

எக்கோ பார்த்துத் திருத்துவது

கருவி வைத்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் வருவதில்லை. அவர்களுக்குக் கீழறைகளுக்கு இடையிலான நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். கத்தி வேண்டியதில்லை, வெளியிலிருந்தே புரோகிராமர் கருவியால் இடதை 20, 40 மில்லிசெகண்ட் முந்தவிட்டு, ஒவ்வொரு முறையும் மகாதமனி வால்வு வழியே பாயும் ரத்தத்தை எக்கோ டாப்ளரில் அளப்பார்கள். அதிகம் பாயும் நேரமே அவருக்கு உரியது.

எல்லாருக்கும் இது தேவை என்று நான் சொல்லமாட்டேன். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான நேரத்தை ஆராய்ந்த ‘ஸ்மார்ட்-ஏவி’ ஆய்வு, அனைவருக்கும் எக்கோ பார்த்துத் திருத்துவதால் கூடுதல் நன்மை இல்லை என்று 2010-ல் காட்டியது. பலன் கிடைக்காதவருக்கு முதலில் வயர் இருக்கும் இடம், ஒழுங்கற்ற துடிப்பு, மருந்தளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இயற்கையான இடது மின்கிளையிலேயே வயரைப் பொருத்தும் முறையும் வந்துவிட்டது. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்கள் அதில் பல ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஊசி பொறுக்கும் காந்தத்தைச் சட்டைப் பையில் போடாதீர்கள். காந்தமும் செல்போனும் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஊசி கண்டறியும் மெஷினில் வேலை என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

மாடிப்படி ஏறினால் இன்னமும் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா? ‘பேஸ்மேக்கர்தான் வைத்தாயிற்றே’ என்று ஷிஃப்டை ஓட்டாதீர்கள். கருவியின் அட்டையோடு போய், “நேரம் சரியாக இருக்கிறதா, பாருங்கள் டாக்டர்” என்று கேளுங்கள்.