சம்பளத்துக்கு வரம்பு வைத்த கிளப்

வாரத்துக்கு 10,000 பவுண்டு. அதற்கு மேல் எந்த ஆட்டக்காரருக்கும் அடிப்படைச் சம்பளம் கிடையாது. 2010-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு உயர்ந்த பிளாக்பூல் கால்பந்து கிளப் இப்படி ஒரு கட்டுத்திட்டம் வைத்திருந்ததாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. மாதச் சம்பளக்காரர்களுக்கு இதுவே மலைப்பான தொகைதான். ஆனால் பெரிய கிளப்புகளில் ஒரே ஆட்டக்காரர் வாரம் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கிய காலம் அது.

பிளாக்பூல், லங்காஷயரில் உள்ள ஒரு கடற்கரை ஊர். விடுமுறைக்கு வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊர். அதன் அணி உச்ச டிவிஷனில் கடைசியாக ஆடியது 1971-ல். 39 ஆண்டு கழித்து வெம்பிளி மைதானத்தில் கார்டிஃப் அணியை 3-2 என்று வென்று மேலே வந்தது.

ஏறுவதை விட நிற்பது கஷ்டம். ஆண்டுதோறும் கடைசி மூன்று அணிகள் கீழே இறங்கியாக வேண்டும். மேலே இருக்கும்வரை டெலிவிஷன் பணம் கொட்டும். இறங்கியதும் சில ஆண்டுகளுக்கு 'பாராசூட்' பணம் என்று ஓர் உதவித்தொகை உண்டு. பிறகு அதுவும் நின்றுவிடும். ஆட்டக்காரர்களோடு போட்ட ஒப்பந்தமோ மூன்று, நான்கு ஆண்டு ஓடும். ஆக்டிங் அலவன்ஸை நம்பிப் பத்து வருஷத் தவணைக்குக் கடன் வாங்கியவர் நிலைதான்.

பிராட்ஃபோர்டு சிட்டி அப்படித்தான் மாட்டிக்கொண்டது. 1999-ல் உயர்ந்த அந்த அணி, 2000 மே மாதம் கடைசி ஆட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வென்று தப்பியது. தப்பிய மகிழ்ச்சியில் தலைவர் ஜெஃப்ரி ரிச்மண்ட் பணத்தை வாரி இறைத்தார். இத்தாலிய ஆட்டக்காரர் பெனிட்டோ கார்போனே ஒருவருக்கே வாரம் 40,000 பவுண்டு என்று செய்தி. மறு ஆண்டே அணி கடைசி இடத்துக்குப் போய் இறங்கியது. 2002-ல் கடன் கழுத்தை நெரிக்க, கிளப் கணக்கு நிர்வாகிகள் கையில் போனது. 2007-ல் நான்காம் டிவிஷன். அந்தக் கோடையை 'ஆறு வாரப் பைத்தியக்காரத்தனம்' என்று பின்னால் ரிச்மண்டே சொன்னார்.

ஆகவே பிளாக்பூல் கையைச் சுருக்கியதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆட்டமும் சோடையில்லை. மானேஜர் இயான் ஹாலோவே, பெரிய பெயர் இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு, பயமில்லாமல் முன்னேறி ஆடச் சொன்னார். லிவர்பூலை இரண்டு முறையும் வென்றார்கள். மொத்தம் 55 கோல் போட்டார்கள். 2011 மே 22-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-2 என்று தோற்று இறங்கினார்கள். எடுத்த புள்ளி 39. தப்பிய உல்வர்ஹாம்டன் எடுத்தது 40.

போகட்டும், மிச்சம் பிடித்த பணமாவது பெட்டியில் இருந்திருக்க வேண்டும். கணக்கு வெளியானபோதுதான் விஷயம் தெரிந்தது. பெரும்பங்கு உரிமையாளர் ஓவன் ஆய்ஸ்டனின் கம்பெனிக்கு, அவருடைய சம்பளம் என்று அந்த ஓர் ஆண்டில் 1 கோடியே 10 லட்சம் பவுண்டு போயிருந்தது. வரம்புச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் 21 பேருக்கு ஒரு வருஷம் முழுக்கக் கொடுக்கக்கூடிய தொகை அது. வரம்பு ஆட்டக்காரருக்கு மட்டும்தான், முதலாளிக்கு இல்லை!

அதோடு நிற்கவில்லை. குடும்பத்தின் மற்ற கம்பெனிகளுக்குக் கடன் என்றும் பணம் போயிற்று. சிறுபங்குதாரரான லாட்வியா நாட்டு வாலெரி பெலோகோன் வழக்குப் போட்டார். ஓவன் ஆய்ஸ்டனும் மகன் கார்லும் கிளப்பின் பணத்தை முறையின்றி உருவி எடுத்தார்கள் என்று 2017 நவம்பரில் லண்டன் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. பெலோகோனின் பங்குக்கு 3 கோடியே 12 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்க உத்தரவாயிற்று. அதற்குள் மைதானத்தில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 2014 கோடையில் சீசன் நெருங்கியபோது கிளப்பில் எட்டு ஆட்டக்காரர்களே மிஞ்சினார்கள். 2015-லும் 2016-லும் அடுத்தடுத்து இறங்கி நான்காம் டிவிஷனைத் தொட்டார்கள்.

அதே லங்காஷயரில் பர்ன்லி கிளப்பும் சிக்கனம் பிடித்தது. 2014-ல் ஏறி, 2015-ல் இறங்கி, 2016-ல் மறுபடி ஏறியது. பணம் கிளப்பிலேயே தங்கியது. 2017-ல் புதிய பயிற்சி மைதானம் திறந்தார்கள். 2018-ல் பிரீமியர் லீகில் ஏழாம் இடம். ஆனால் 2020 கடைசியில் கிளப்பை வாங்கிய அமெரிக்கர்கள், வாங்கிய கடனின் சுமையைக் கிளப்பின் தலையிலேயே வைத்தார்கள். சேர்த்தவர் ஒருவர், சாவி கிடைத்தது வேறொருவருக்கு.

பிளாக்பூல் ரசிகர்களோ, ஆய்ஸ்டன் குடும்பத்துக்கு ஒரு காசு கொடுப்பதில்லை என்று சொந்த ஊர் ஆட்டங்களையே பல ஆண்டுகள் புறக்கணித்தார்கள். 2019 பிப்ரவரியில் கோர்ட் ரிசீவரை நியமித்தது. அடுத்த மாதமே, பாழடைந்து கிடந்த இருக்கைகளை ரசிகர்கள் தாங்களே வந்து துடைத்துச் சுத்தம் செய்தார்கள். மார்ச் 9-ல் சவுத்எண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 15,000 பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள்.