பாவற்காய்ப் பெட்டியும் கடைக் கணக்கும்

பிரான்சிற்கு வந்து, விசாவும் வேலையும் ஓரளவு சரிவந்த பிறகு எம்மவர் பலரின் மனதில் எழும் முதல் ஆசை லாச்சப்பலில் ஒரு கடை போடவேண்டும் என்பதுதான். சீட்டுக் காசு கைக்கு வந்தவுடன் இந்தக் கதை தொடங்கிவிடும். தொழிற்சாலையில் வேலைசெய்யும் நாங்கள் நாலைந்து பேர் கூடினாலும் இதே கதைதான். சனிக்கிழமை பின்னேரம் கடைகளுக்குள் நிற்கும் சனத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அதே தெருக்களில் திறந்த வேகத்திலேயே இழுத்து மூடிய கடைகளையும் பார்த்திருக்கிறோம். அப்படி மூடும்போது போவது ஒருவரின் காசு மட்டுமல்ல, மனைவியின் தாலிக்கொடியும் மச்சானின் சீட்டும் சேர்ந்தே போகிறது. ஆகவே கடை நடத்துபவர்களிடம் கேட்டறிந்ததையும் எங்கள் வேலையிடத்தில் கண்டதையும் சேர்த்து இங்கு எழுதுகிறோம்.

புதிதாக வந்தவர்களுக்காக இடத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மெத்ரோ 2ஆம் இலக்கப் பாதையில் லாச்சப்பல் நிலையத்தில் இறங்கினால் போபூர் சென்தெனி தெருவின் மேல்முனையும் அதைச் சுற்றியுள்ள சின்னத் தெருக்களும்தான் எங்கள் கடைத்தெரு. இதே போபூர் சென்தெனியில் கீழே தள்ளியுள்ள பசாஜ் பிறாடியில் 1970களிலேயே பாண்டிச்சேரிக்காரர் கடை போட்டிருந்தார்கள். 1983க்குப் பிறகு வந்த எம்மவர் மேல்முனையைப் பிடித்தார்கள். பக்கத்தில் கார் து நோர். லாக்கூர்நெவ்விலிருந்தும் சார்செலிலிருந்தும் வரும் றெயில்கள் அங்குதான் நிற்கின்றன. கடைக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது விளம்பரம் அல்ல, றெயில்தான். இன்று லாக்கூர்நெவ்விலேயே தமிழ்க் கடைகள் இருக்கின்றன. அரிசி மூட்டைக்காக யாரும் லாச்சப்பல் வரத் தேவையில்லை. வருபவர்கள் பச்சையான மரக்கறிக்கும், சேலை நகைக்கும், நாலு பேரைக் கண்டு கதைப்பதற்கும்தான் வருகிறார்கள்.

கடையைப் பற்றிக் கதைக்கும்போது எல்லோரும் விற்பனையைப் பற்றியே கேட்கிறார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் அண்ணை?" என்பதுதான் முதற் கேள்வி. கடைக்காரரோ வாங்குவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கடை வெல்வதும் தோற்பதும் அங்கேதான் என்பது எங்கள் எண்ணமும்.

சாமான் இரண்டு வழியால் வருகிறது. அரிசி, மா, தூள், ரின்மீன் எல்லாம் கொன்ரெய்னரில் கப்பலால் வரும். அதற்குக் கிழமைக் கணக்கில் செல்லும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் பல கப்பல்கள் ஆபிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி வந்தன. அதனால் பத்து நாள் அளவு மேலதிகமாகச் சென்றது. அவ்வளவு நாளும் போட்ட காசு கடலில்தான் மிதக்கும். இது பெரிய இறக்குமதியாளர் செய்யும் வேலை, சின்னக் கடை அவர்களிடம் வாங்குவதே புத்தி. கறிவேப்பிலை, முருங்கைக்காய், பாவற்காய், வெற்றிலை போன்றவை விமானத்தில் வரும். மற்ற மரக்கறிக்கும் மீனுக்கும் பாரிசின் தெற்கே உள்ள றுஞ்சிஸ் மொத்தச் சந்தை இருக்கிறது. பாரிஸ் நடுவில் லே ஆலில் இருந்த பழைய சந்தையை 1969இல் அங்கு மாற்றினார்கள். வியாபாரிகளுக்கு மட்டுமே அனுமதி. ஊர் தூங்கும்போது அங்கே வியாபாரம் நடக்கும்.

ஒரு பாவற்காய்ப் பெட்டியை எடுத்துப் பார்ப்போம். 10 கிலோ, வரி சேராமல் 40 யூரோவுக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். கிலோ 6 யூரோப்படி விற்றால் 60 யூரோ. நல்ல லாபம் போலத் தெரியும். ஆனால் 3 கிலோ பழுத்து மஞ்சளாகிக் குப்பைக்குப் போனால் வருவது 42 யூரோ. அதற்குள்ளும் உணவுப் பொருளுக்கான 5.5 வீத விற்பனை வரி கிடக்கிறது. அந்த 2 யூரோ 19 சதத்தைக் கழித்தால் 39 யூரோ 81 சதம். வாங்கிய காசே திரும்பவில்லை. கடை வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் இனித்தான். சனிக்கிழமைக் கூட்டத்திற்குள் நின்று பார்ப்பவருக்கு இந்த 3 கிலோ தெரியாது.

பழுதாவது மட்டும் பயமல்ல. 2013இல் இந்தியாவிலிருந்து வந்த பல பெட்டிகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் அகப்பட்டதால், 2014 மே 1ஆம் திகதி தொடக்கம் இந்திய மாம்பழம், பாவற்காய், புடலங்காய், கத்தரிக்காய் முதலியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. மாம்பழத் தடை 2015 சனவரியில் நீங்கியது. மற்றவற்றுக்கு இன்னும் நாட்சென்றது. ஒரே நாட்டை நம்பியிருந்தவர்களின் தட்டு அன்று வெறுமையாயிற்று. 2019 டிசம்பர் 14 தொடக்கம் கிட்டத்தட்ட எல்லாப் பழம் மரக்கறிக்கும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. (ஊருக்குப் போய் வரும்போது சூட்கேசில் கறிவேப்பிலை கட்டிக்கொண்டு வருபவர்களும் இதைக் கவனிக்கவும்!)

அந்தத் தேங்காயில்தான் எங்கள் கடைத்தெருவின் பெரிய விளம்பரமும் இருக்கிறது. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் கோடை முடியும் வேளையில் இந்தத் தெருக்களால் வரும்போது, குவித்த தேங்காய்களை வீதியில் உடைப்பார்கள். பிரெஞ்சுக்காரரும் படமெடுக்கக் கூடிவிடுவார்கள். அன்று வந்து போனவர் பிறகு தோசை சாப்பிட வருவார். ஆனால் தேருக்கென்று எடுப்பித்த தேங்காயில் மிஞ்சியதை அடுத்த நாள் யாருக்கு விற்பது? கடைக்கு எத்தனை மூட்டை என்பதைப் போன வருடத்துக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

சாப்பாட்டுக் கடையென்றால் விற்பனையோடு உற்பத்தியும் சேர்ந்துவிடுகிறது. 2012 ஒக்ரோபர் தொடக்கம் சாப்பாட்டுக் கடையில் ஒருவராவது 14 மணிநேரச் சுகாதாரப் பயிற்சி எடுத்திருக்கவேண்டும் என்பது சட்டம். ஒவ்வாமை தரும் 14 பொருட்களில் எது எந்தச் சாப்பாட்டில் இருக்கிறது என்று எழுதி வைக்கவும் வேண்டும். கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் தாளிதம் முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது! றோல்சும் வடையும் காலையிலேயே மலைபோலப் பொரித்துக் குவிப்பதா, ஆள் வர வரப் பொரிப்பதா என்பதும் சின்ன விசயமில்லை. குவித்தால் ஆறிப்போகும், வராவிட்டால் பழுது. பொரிக்காமல் இருந்தால் ஆள் பொறுக்காமல் அடுத்த கடைக்குப் போவார்.

இதே சிக்கல்தான் தொழிற்சாலையிலும். செய்து செய்து அடுக்கிய பெட்டிகளுக்கு இடமில்லாமல் நாங்கள் நடக்கவே வழியில்லாத காலமும் இருந்தது. ஜப்பானில் ரொயோட்டா கார்த் தொழிற்சாலையின் தைச்சி ஓனோ என்பவர் இதற்கு வழி தேடினார். பழக்கப்பட்ட முறை, முன்னால் இருப்பவர் செய்து பின்னால் இருப்பவரிடம் தள்ளுவது. அதைத் திருப்பிப் போட்டு, பின்னால் இருப்பவர் வந்து தேவையானதை மட்டும் எடுக்க, எடுத்த அளவுக்கு மட்டும் முன்னால் இருப்பவர் செய்யவேண்டும் என்றார். எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல ஒரு அட்டை. அதற்குப் பெயர் கன்பன். இந்த எண்ணத்துக்கு வழிகாட்டியது அமெரிக்க சுப்பர்மார்க்கற். 1956இல் அமெரிக்கா போனபோது அவர் அவற்றை நேரிலும் பார்த்தார். தட்டில் இருந்து எடுத்த அளவுக்கு மட்டுமே திரும்ப அடுக்கும் கடை. அதாவது பெரிய தொழிற்சாலையே கடையைப் பார்த்துத்தான் படித்தது. பிரான்சின் வடக்கே ஒனேன் என்ற இடத்தில் 2001இல் திறந்த ரொயோட்டா தொழிற்சாலைக்கும் அதே முறைதான் வந்தது.

லாச்சப்பலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்கார அண்ணரிடம் கன்பனும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. முன்பக்கம் அன்றன்று எறிந்த மரக்கறியின் நிறை. கடைசிப் பக்கத்தில் "இல்லை" என்று தலைப்பிட்டு, ஆட்கள் கேட்டு இல்லாமற் போன சாமான்கள். நாங்கள் பார்த்த அன்று அதில் ஒடியல் மா நாலு பேர், மண்சட்டி இரண்டு பேர், குரக்கன் மா ஆறு பேர் என்று இருந்தது. அடுத்த கிழமை போனபோது குரக்கன் மா வந்திருந்தது. பத்துப் பக்கற் மட்டும்.