சீட்டோடு வரும் சிறுவனும் புகையிலைச் சட்டமும்

சென்ற மாதம் வசூலுக்குப் போன இடத்தில், நம்முடைய சில்லறை வாடிக்கையாளர் ஒருவரின் மளிகைக் கடையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சாமான் சீட்டோடு வந்தான். துவரம் பருப்பு அரை கிலோ, புளி கால் கிலோ, சீயக்காய்த் தூள் ஒரு பாக்கெட் என்று போய், கடைசி வரியில் 'சிகரெட் 4' என்று எழுதியிருந்தது. கடைக்காரர் பருப்பைக் கட்டிய கையோடு நாலு சிகரெட்டையும் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் போட்டார். பையன் போய்விட்டான்.

"என்ன தம்பி, சின்னப் பையன் கையில் இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டோம்.

"அவன் அப்பாவுக்குத்தான் அண்ணாச்சி. மாசக் கணக்கு வச்சிருக்கிற வீடு. இல்லைன்னு சொன்னா மொத்தக் கணக்கும் வேற கடைக்குப் போயிடும். மீறிப் போனா இருநூறு ரூபாய் அபராதம், அவ்வளவுதானே" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி நம்மில் பலருக்கும் தெரியாது என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

புகையிலைக்கு மத்திய அரசு போட்ட முதல் பெரிய சட்டம் 1975ஆம் ஆண்டுச் சிகரெட் சட்டம். சிகரெட் பெட்டியில் 'உடல் நலத்துக்குக் கேடு' என்று ஒரு வரி அச்சிட வேண்டும் என்பதோடு அது ஏறக்குறைய நின்றுவிட்டது. பீடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் அது பொருந்தவில்லை. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. பின்னர் 2003இல் சிகரெட், பீடி, சுருட்டு, மூக்குப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்து, 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பவரை மட்டும் கேட்ட சட்டம் போய், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரையும் கேட்கும் சட்டம் வந்தது அப்போதுதான்.

அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது என்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். நம் நண்பர் சொன்னது இதைத்தான். வாங்கியவர் சிறுவர் அல்ல என்று காட்டும் பொறுப்பு விற்றவர் மேலேயே இருக்கிறது என்பதை விதிகள் தனியாகச் சொல்கின்றன. சந்தேகம் வந்தால் வயதுச் சான்று கேட்கலாம். சீட்டோடு நிற்கும் பத்து வயதுப் பையனிடம் சந்தேகத்துக்கு ஏது இடம்?

ஆனால் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சிறார் நீதிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 77ஆம் பிரிவு மது, போதைப் பொருளோடு புகையிலையையும் ஒரே வரியில் வைத்து, மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்கு இவற்றைக் கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. அங்கே 'விற்பது' என்ற சொல் இல்லை, 'கொடுப்பது' என்றுதான் இருக்கிறது. அப்பாவுக்காக வாங்கினான் என்ற வாதம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது வக்கீல்கள் பாடு. நாலு சிகரெட்டில் கிடைக்கும் லாபத்துக்கு அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு என்ன தலையெழுத்து? 200 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஏழு ஆண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கடைப் பையன்கள் விஷயமும் உண்டு. பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளையே கல்லாவில் உட்கார வைப்பது நமக்குப் பரம்பரைப் பழக்கம். நாமும் அப்படித்தான் தொழில் கற்றோம். 2011இல் திருத்திய விதிகளின்படி 18 வயதுக்குக் குறைந்தவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது. சிறுவர் கைக்கு எட்டும்படி பார்வைக்கு வைக்கவும் கூடாது. மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் சிகரெட் பெட்டி அடுக்குகிற வழக்கத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்பனையே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அளப்பதில்தான் தகராறு வருகிறது. பள்ளியின் வாசலிலிருந்து தெரு வழியாக அளப்பதல்ல. சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி ஓரத்திலிருந்து எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் அளக்க வேண்டும். நூறு கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். பள்ளியின் பின்பக்கத் தெருவில் கடை வைத்திருப்பவரும் இதில் சிக்குவார். கடை முந்தியா பள்ளி முந்தியா என்று சட்டம் பார்ப்பதில்லை. முப்பது வருஷக் கடைக்கு அருகில் நேற்று ஒரு பள்ளி வந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்பது நியாயமான கேள்வி. இதைச் சங்கம் எடுத்துப் பேசலாம்.

கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தரும் பலகை, விளக்குப் பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். விற்குமிடத்தில் 60க்கு 45 சென்டிமீட்டர் அளவில் இரண்டு பலகைக்கு மேல் அனுமதி இல்லை. அதிலும் என்ன வகைச் சரக்கு கிடைக்கும் என்று எழுதலாமே தவிர, பிராண்ட் பெயரோ படமோ கூடாது, விளக்கும் கூடாது. விளம்பரப் பிரிவை மீறினால் முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க இடம் உண்டு. பலகை மாட்டிய விற்பனைப் பிரதிநிதி அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார். பலகையும் வழக்கும் நம்மிடம் இருக்கும்.

மொத்த வியாபாரிகளை அதிகம் கடிப்பது எச்சரிக்கைப் படம். 2009 மே 31 முதல் பெட்டிகளில் படம் வந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் இரு பக்கமும் 85 சதவீத இடம் படத்துக்கு என்றாயிற்று. அந்தச் சமயம் நம் கிட்டங்கியில் பழைய அளவுப் படம் போட்ட பீடிப் பெட்டிகள் தேங்கிக் கிடந்தன. அனுப்பிய நிறுவனம் திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. நஷ்டம் நம் கணக்கில் ஏறியது. வாய்ச் சொல்லை நம்பி, திரும்ப எடுப்பதாக எழுதி வாங்காதது நம் தவறு. உரிய எச்சரிக்கை இல்லாத பெட்டியை விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பில் இல்லாமல், படம் இல்லாமல், பாதி விலைக்கு வரும் வெளிநாட்டுச் சிகரெட்டை வாங்கி வைப்பவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பெட்டியில் அவ்வளவு பெரிய படம். ஆனால் நம் கடைகளில் சிகரெட் போவது சில்லறையாகத்தான். வாங்குபவர் படத்தைப் பார்ப்பதே இல்லை. மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பரில் சில்லறையாக விற்பதைத் தடை செய்தது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவிலும் இந்தத் தடையும், வயதை 21 ஆக்கும் யோசனையும் இருந்தன.

நாமும் பீடி, சிகரெட் மொத்தமாக விற்பவர்தான். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதும் தெரியும். ஆனால் மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி நாட்டில் புகையிலை பழகிய பெரியவர்கள் 2009-10இல் 34.6 சதவீதம், 2016-17இல் 28.6 சதவீதம். குறைந்துகொண்டு வரும் சரக்குக்காக ஜெயில் வரை போக வேண்டுமா?

18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பனை குற்றம் என்ற அறிவிப்புப் பலகை, 60க்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், தமிழில், ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். சங்கமே மொத்தமாக அடித்துக் கொடுத்தால் செலவு குறையும். அடுத்த செயற்குழுவில் இதைக் கேட்க இருக்கிறோம்.

அந்த மளிகைக் கடை நண்பர் நாம் சொன்னதைக் கேட்டார். அடுத்த தடவை சீட்டு வந்தபோது கடைசி வரியை அடித்து, 'அப்பா நேரில் வரவும்' என்று எழுதி அனுப்பினாராம். அந்த வீட்டார் ஒரு வாரம் வரவில்லை. பிறகு அம்மா வந்து பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு, மறுபடியும் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாராம். சிகரெட்டுக்கு மட்டும் அப்பா முனைக் கடைக்குப் போகிறார் என்று கேள்வி.