கட்டிய கப்பலும் நகரும்

திருகோணமலை சீனக்குடாவில் பிறீமா மா ஆலையின் இறங்குதுறைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலை வந்த அன்றும், இரண்டு நாள் கழித்தும் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நீருக்குள் மறைந்திருந்த செந்நிற அடிப்பாகம் மேலே எழுந்திருக்கும். கணக்கு எளிது. ஏறத்தாழ 190 மீற்றர் நீளமும் 32 மீற்றர் அகலமும் உள்ள கப்பலிலிருந்து சுமார் 50 தொன் சரக்கை இறக்கினால், அது ஒரு சென்ரிமீற்றர் உயரும். 5,000 தொன் இறங்கினால் ஒரு மீற்றர். எல்லா அறைகளும் ஒரே வேகத்தில் காலியாவதில்லை என்பதால் முன்பக்கம் தூக்கும், அல்லது தாழும். கடலோடிகள் இதை ட்ரிம் என்பார்கள். பக்கவாட்டுச் சாய்வுக்கு லிஸ்ட் என்று பெயர். சமநிலைக்காக அடித்தொட்டிகளுக்குள் கடல்நீரை ஏற்றுவார்கள். அதனாலும் கப்பல் அசையும்.

துறைமுகத்தில் எண்ணெய் கசிந்தது என்றதும் புயலும் பாறையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கயிறு கட்டி, இயந்திரம் நிறுத்தி, அமைதியாக நிற்கும் கப்பலிலிருந்தும் எண்ணெய் கொட்டும். அந்தக் கசிவைப் புரிந்துகொள்ள இந்தச் சின்ன அசைவுகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

கப்பல் தனக்கு வேண்டிய எரிபொருளை நிரப்பிக்கொள்வதைப் பங்கரிங் என்கிறார்கள். எண்ணெய்ப் படகு பக்கத்தில் வந்து அணையும்; தடித்த குழாய் மேல்தளத்துக்கு ஏறும்; அங்கிருந்து எண்ணெய் அடித்தொட்டிகளுக்கும் பக்கத்தொட்டிகளுக்கும் பிரிந்து போகும். தொட்டியில் எவ்வளவு நிரம்பியது என்பதைக் கப்பலிலுள்ள அளவுமானியோடு, முனையில் பித்தளைக் குண்டு தொங்கும் நாடாவைச் சிறு குழாய் வழியே இறக்கியும் பார்ப்பார்கள். இத்தனை கருவிகள் வந்த பிறகும் அந்த நாடாவைத்தான் பொறியியலாளர்கள் நம்புகிறார்கள். நாடா காட்டுவது அது இறங்கிய இடத்தின் ஆழத்தை மட்டும். கப்பல் ஒரு மீற்றர் பின்தாழ்ந்திருந்தால் தொட்டியின் ஒரு மூலையில் எண்ணெய் கூடுதலாகவும் மறுமூலையில் குறைவாகவும் இருக்கும். அதைத் திருத்திக் கணக்கிட அட்டவணை உண்டு. காலையில் பார்த்த ட்ரிம்மை வைத்து மாலையில் கணக்குப் போட்டால், இடமிருக்கிறது என்று நம்பிய தொட்டி உண்மையில் நிரம்பியிருக்கும். மிஞ்சிய எண்ணெய் மேல்தளத்தில் உள்ள காற்றுக்குழாய் வழியாகப் பொங்கி வெளியே வரும்.

அதனால்தான் பங்கரிங் தொடங்குமுன் மேல்தளத்து வடிகால் துளைகளை எல்லாம் அடைப்பார்கள். கொட்டினாலும் தளத்திலேயே தேங்கட்டும் என்பது எண்ணம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அடைத்த தளத்தில் நீர் நிறைந்துவிடும். நீரை விட ஒருவர் அடைப்பைத் திறக்கிறார். அந்த நேரம் பார்த்து எண்ணெய் பொங்குகிறது. கடைசிக் கட்டத்தில் பம்பின் வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். கப்பலில் ஒரு மொழி, படகில் இன்னொரு மொழி. எந்தச் சைகைக்கு நிறுத்துவது என்று முன்பே பேசி வைக்காத கப்பலில் அரை நிமிடம் தாமதமானாலும் தளம் கறுத்துவிடும்.

ஓடும் கப்பலின் கதை வேறு. வேகம் மூன்று, நான்கு நொட்டுக்குக் கீழே இறங்கியதும் சுக்கானின் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் உள்ளூர் நீரோட்டமும் ஆழமும் அறிந்த பைலட் ஏறுகிறார்; இழுவைப் படகுகள் தள்ளியும் இழுத்தும் கப்பலை அணைக்கின்றன. அவை தள்ளவேண்டிய இடம் கப்பலின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், ஏனென்றால் மற்ற இடங்களில் தகட்டின் பின்னால் தாங்குசட்டங்கள் வலுவாக இருப்பதில்லை. துறைமேடையில் பலமாக மோதி அந்தத் தகடு கிழிந்து, உள்ளே எரிபொருள் தொட்டியும் இருந்தால், விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 2010 ஆகஸ்ட் முதல் கட்டி ஒப்படைக்கப்பட்ட, 600 கன மீற்றருக்குக் குறையாத எரிபொருள் கொள்ளும் கப்பல்களில் தொட்டிக்கும் கடலுக்கும் இடையே இன்னொரு சுவர் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி வந்துவிட்டது. பழைய கப்பல்கள் இன்னமும் ஓடுகின்றன.

திருகோணமலைக்கென்று ஒரு தனிச்சிக்கல் உண்டு. மலைகளும் முனைகளும் சூழ்ந்த இந்த உட்துறைமுகத்தை உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று புகழ்வார்கள். புயலிலும் கப்பல் பாதுகாப்பாக நிற்கலாம் என்பதால் புகழ். ஆனால் அலையை உள்ளே விடாத வாய், எண்ணெயை வெளியே விடுவதிலும் கஞ்சத்தனம் காட்டும். கிழக்குக் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. குடாவின் நீரைத் தானாகக் கழுவி மாற்ற அது போதாது. வெளியே கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு கப்பலுக்கு நல்ல ஆழம் தருகிறது. மிதக்கும் எண்ணெய்க்கு அந்த ஆழத்தால் எந்தப் பயனும் இல்லை.

மிதக்கும் எண்ணெய் காற்று வேகத்தின் சுமார் மூன்று சதவீத வேகத்தில் ஓடும், நீரோட்டம் அதனுடன் சேரும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் எண்ணெய் மணிக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல் போகும். குடாவின் அகலத்தைப் பார்த்தால் சில மணிநேரத்தில் ஏதாவது ஒரு கரையைத் தொட்டுவிடும். கச்சானில் கிழக்குப் பக்கம். வடகிழக்கு வாடை என்றால் சீனக்குடா, கிண்ணியா, தம்பலகாமம் குடாவின் வாய்ப்பக்கம். தம்பலகாமம் குடா ஒரு காலத்தில் தட்டைச் சிப்பியின் முத்துக்குப் பெயர்போனது. அங்கேயுள்ள கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்களின் நுண்துளைகள் எண்ணெயால் அடைபட்டால் மரம் மூச்சு முட்டும். அதைவிட மோசம், சுத்தம் செய்கிறோம் என்று அந்தச் சேற்றில் ஆட்கள் இறங்கி நடப்பது: எண்ணெய் மிதிபட்டு அடியில் போய்விடும்.

நீரில் வானவில் நிறம் கண்டதும் ஊர் பதறும். உண்மையில் அந்த நிறப்படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு தடிப்புத்தான். வெள்ளிப் பளபளப்பு இன்னும் மெல்லியது. ஒரு சதுர கிலோமீற்றரில் 40 முதல் 300 லீற்றர் வரைதான் இருக்கும். அளவு இருப்பது கறுத்த, தடித்த திட்டுகளில். தேட வேண்டியதும் அவற்றைத்தான். கப்பல் டீசல் என்றால் நம் வெயிலில் கணிசமான பங்கு சில நாளில் ஆவியாகும். கனரக எரிபொருள் அப்படியல்ல. சூடாக்கினால்தான் அது பம்பில் ஏறும், ஆறிய நீரில் தாராகக் கட்டிவிடும். அலையடிக்கும்போது நீரை உறிஞ்சி, புளித்த அப்ப மாவு போல மூன்று நான்கு மடங்காகப் பொங்கும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 2017 ஜனவரி 28 அதிகாலை நடந்தது இதற்கு எடுத்துக்காட்டு. எரிவாயு இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. கசிவு பெரிதல்ல என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு எண்ணூரிலிருந்து மெரினாவையும் தாண்டிக் கரையில் கருஞ்சேறு ஒதுங்கியது. வாளியால் அள்ளினார்கள், அள்ளிய சேறு நூறு தொன்னைத் தாண்டியது. நீர் கலந்து பருத்த எண்ணெய் என்பது தெரியாதவர்களுக்கு இந்தக் கணக்குக் குழப்பும். என்றாலும், குழப்பத்தைக் காரணம் காட்டிச் சிறிய எண்ணைச் சொன்ன முதல் நாளை மன்னிக்க முடியவில்லை. அந்த ஒரு நாள்தான் கடலில் வைத்தே பிடித்திருக்கக் கூடிய நாள்.

பிடிப்பதற்கு மிதவைத் தடுப்பு இருக்கிறது: மேலே மிதவை, கீழே நீருக்குள் தொங்கும் பாவாடை. நேர் குறுக்கே வரும் நீரோட்டம் முக்கால் நொட்டைத் தாண்டினால் எண்ணெய் பாவாடைக்கு அடியால் நழுவும், அதனால் அதைச் சரிவாகக் கட்டுவார்கள். நமது உட்துறைமுகத்தின் அமைதி இதற்கு மட்டும் சாதகம். சீக்கிரம் கட்டினால் வெற்றி கிட்டத்தட்ட நிச்சயம். இரசாயன மருந்து தெளித்து எண்ணெயைக் கரைப்பது திறந்த ஆழ்கடலுக்கு உரியது. ஆழமற்ற குடாவில் அது எண்ணெயைக் கண்ணிலிருந்து மறைத்து, மீன் குஞ்சுகள் இருக்கும் நீருக்குள் இறக்கிவிடும்.

இந்தக் குடா எண்ணெய்க்குப் புதிதல்ல. ஆங்கிலேயக் கடற்படை சீனக்குடாவில் கட்டிய எண்ணெய்க் குதங்களில், ஒவ்வொன்றும் சுமார் 12,000 கன மீற்றர் கொள்ளக்கூடிய 99 இன்னமும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது குதம் ஒன்று பல நாள் எரிந்தது. 2022 ஜனவரியில் போட்ட உடன்படிக்கையில் 14 குதங்கள் லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கும் பிரிந்தன. யாருக்கு எத்தனை என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. குதங்கள் நிறைந்து பங்கரிங் பெருகும் நாளில் மிதவைத் தடுப்பு எத்தனை நிமிடத்தில் கட்டப்படும் என்று கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைக் கேட்கச் சட்டம் இருக்கிறது: 2008 இன் 35 ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம். அதன் கீழ்த்தான் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை இயங்குகிறது.

கசிந்தது யாருடைய எண்ணெய் என்று கண்டுபிடிக்கவும் கப்பலின் அசைவுதான் கைகொடுக்கிறது. சர்வதேசப் பயணம் செய்யும், மொத்தத் தொன்னளவு 300 அல்லது அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கப்பலும் தன் அடையாள எண்ணையும் இடத்தையும் தானியங்கிக் கருவியால் ஒலிபரப்புகிறது. ஓடும்போது சில விநாடிக்கு ஒருமுறை, நங்கூரமிட்டிருக்கும்போது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. எண்ணெய்த் திட்டு கண்ட இடத்திலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் பின்னோக்கிக் கணக்கிட்டால் அது புறப்பட்ட இடமும் நேரமும் தெரியும். அந்த நேரத்தில் அங்கே நின்ற கப்பல்களின் பட்டியல் பதிவில் இருக்கும். பங்கரிங்கின்போது முத்திரையிட்டு எடுத்த எண்ணெய் மாதிரியைக் குறைந்தது 12 மாதம் கப்பல் வைத்திருக்க வேண்டும். அதையும் கரையில் ஒதுங்கியதையும் ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டால் எண்ணெயின் கைரேகை பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்குக்குத் தேவையான முதல் தகவலை மூதூரிலோ கிண்ணியாவிலோ வலை இழுக்கும் எவரும் தரலாம்: கண்ட நேரம், இடம், அப்போது அடித்த காற்று, திட்டின் நிறம்.