அரிட்டாபட்டி: ஒரு மலையைச் சுற்றி வந்தால்

பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மதுரை வருகிற நண்பர்கள் மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அடுத்த தடவை ஒரு காலைப்பொழுதை மிச்சம் வையுங்கள். மேலூர் ரோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரிலும் சேர்த்து 193 ஹெக்டேர்.

தை அறுப்பு முடிந்த கையோடு நான் போய் நடந்தேன். ஊரிலிருந்து கம்மாய்க்கரை ஏறி, கழிஞ்சமலை அடிவாரம் போய், பாறையில் கொஞ்ச தூரம் ஏறி, வேறு பக்கமாக இறங்கி வரப்பு வழியே ஊருக்குத் திரும்பினேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பாறை சுட ஆரம்பித்தால் தாங்காது.

மலை என்றதும் அடர்ந்த காட்டை நினைக்காதீர்கள். பெரும்பாலும் மொட்டைப் பாறைதான். 'இதுல என்னய்யா பல்லுயிர்?' என்று தோன்றும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "பாறை தண்ணி குடிக்காதுப்பா. பெஞ்ச மழையை அம்புட்டையும் கம்மாய்க்கு அனுப்பிரும்" என்றார். நடந்தால் அது கண்ணுக்கே தெரிகிறது. பாறை மேல் தண்ணீர் ஓடிய கறுப்புத் தடங்கள், கீழே ஓடை, ஓடை முடிகிற இடத்தில் கம்மாய். மேல் கம்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே கீழ்க் கம்மாய்க்கு. பாறை வெடிப்பில் இறங்கிய தண்ணீர் சுனையாகக் கசிகிறது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள் என்கிறது அரசுக் குறிப்பு.

கழிஞ்சமலையில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது; லகுலீசர் சிற்பத்தை அவசியம் பாருங்கள். சமணர் குகைத்தளமும் தமிழி எழுத்துகளும் உண்டு. ஈராயிரம் ஆண்டைத் தாண்டிய கல்வெட்டொன்றில் நெல்வேலி என்ற ஊர்ப்பெயர் வருகிறது. நெல் விதைக்கிற நமக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தோசம் வரத்தான் செய்யும்.

இங்கே சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் இந்தப் பாறைகளை நம்பி இருக்கின்றன. கூடு கட்டும் காலத்தில் செங்குத்துப் பாறை அருகே சத்தம் போடாதீர்கள். அழுங்கு இரவில் வந்து கரையானையும் எறும்பையும் தின்னும்; தேவாங்குக்குப் பூச்சிதான் முக்கிய இரை. நாம் கரைசல் காய்ச்சித் தெளித்துச் செய்கிற வேலையில் ஒரு பங்கை இவை சம்பளமில்லாமல் பார்க்கின்றன.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வந்தபோது ஊர் கொதித்தது இதனால்தான். ஏலம் விட்ட பரப்பு 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பார்க்கலாமா என்று டிசம்பரில் ஒரு பேச்சு வந்தது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் அது நியாயமான சமரசம் மாதிரி தெரியலாம். நடந்து பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது. 193 ஹெக்டேரின் எல்லை எங்கே முடிகிறது என்று தண்ணீருக்குத் தெரியுமா? மலையை விட்டுவிட்டு ஓடையை வெட்டினால் கம்மாய் காயும்; கம்மாய் காய்ந்தால் கிணறு காயும். சட்டமன்றம் டிசம்பர் 9ஆம் தேதி எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7இல் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

திரும்பும் வழியில் மடைக்குக் கீழே ஒரு வயலில் தாள் மடக்கி உழுதிருந்தார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தேன். தையிலும் ஈரம் இருந்தது. அந்த வயலுக்கு வருகிற வாய்க்காலை எதிர்த்திசையில் நடந்து பாருங்கள், மலைக்கே கொண்டுபோய் விடும். உங்கள் ஊர்க் கம்மாய்க்கும் அப்படி ஒரு வரத்துக்கால் இருக்கும். அது எங்கே தொடங்குகிறது, நடுவில் யார் அடைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு இதழுக்கு எழுதுங்கள்.