மக்காச்சோளம்: விதைக்கு முன்பே தொடங்கும் பயிர்ப் பாதுகாப்பு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கரிசல் நிலங்களில் மக்காச்சோளம் பெருமளவில் மானாவாரியாகப் பயிரிடப்படுகிறது. கோழித் தீவனத்துக்கு நல்ல தேவை இருப்பதால் விதைக்கும் உரத்துக்கும் செலவு செய்ய உழவர்கள் தயங்குவதில்லை. சிக்கனமெல்லாம் உழவில்தான். சுழல் கலப்பையை இரண்டு முறை ஓட்டி, மண் பொடியானதும் விதைத்து விடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும் இந்த நிலத்தில் சுமார் 10 செ.மீ.க்குக் கீழே மண் இறுகியே கிடக்கும். வேர் ஆழம் போகாது. மழை தவறினால் பயிர் வாடும், காற்றடித்தால் சாயும்.

2018-ல் வேறொரு காரணமும் சேர்ந்து கொண்டது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு அவ்வாண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே பருவத்தில் இவ்விரு மாவட்டங்களிலும் குருத்தைத் தின்று பெருஞ்சேதம் விளைவித்தது. இலையில் மேயும் புழு, வளர்ச்சி முடிந்ததும் மண்ணில் 2 முதல் 8 செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே, அறுவடை முடிந்ததும் தட்டையை அகற்றி ஆழ உழுதால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் மடியும். கொக்கும் மைனாவும் கரிச்சானும் கலப்பையின் பின்னாலேயே வந்து பொறுக்கித் தின்னும். உழவு மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. தாய் அந்துப்பூச்சி வெகுதூரம் பறக்க வல்லது. பக்கத்து நிலங்களிலும் உழுது, ஊரே ஒரே சமயத்தில் விதைப்பது நல்லது.

கோடை மழை பெய்து, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் சட்டிக் கலப்பையால் ஒரு முறை உழ வேண்டும். கரிசலை ஈரத்தில் உழுதால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து கல்லாகி விடும். பதம் தவறினால் பிறகு எத்தனை உழவு போட்டாலும் சரிவராது. அடிமண் இறுகிய நிலங்களில் மூன்றாண்டுக்கு ஒரு முறை உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். சரிவான நிலத்தில் எந்த உழவும் சரிவுக்குக் குறுக்காகவே இருக்கட்டும்.

ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் பரப்பி, கொத்துக் கலப்பையால் இரு முறை உழவும். இவ்வளவு எரு இன்று எல்லோரிடமும் இல்லை; மக்கிய தென்னை நார்க்கழிவும் இடலாம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவது, மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்களிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவதைக் குறைக்கும். புண்ணாக்கு விலையைப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள், ஒரு மருந்துத் தெளிப்புக்கு ஆகும் கூலியையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

பிறகு 60 செ.மீ. இடைவெளியில் பார் அமைத்து, பாரின் ஒரு பக்கத்தில் 25 செ.மீ.க்கு ஒரு விதையாக 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். இறவையில் பார் நீளம் 6 மீட்டர் இருந்தால் தண்ணீர் சீராகப் பாயும். மானாவாரியிலும் பார் அவசியமே. மழை குறைந்தால் சாலில் ஈரம் தங்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அதே சால் வழியே நீர் வடியும். முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட மக்காச்சோளம் தேங்கிய நீரில் இரண்டு மூன்று நாள் நின்றாலே மஞ்சளித்து விடும். எனவே பார் போடும்போதே தாழ்ந்த மூலையில் வடிகால் வாய்க்கால் ஒன்றையும் வெட்டி விடவும். மழை தொடங்கிய பின் கரிசலில் மண்வெட்டி இறங்காது.