உப்புக்காற்றில் ஒரு சிங்க்

1914 பிப்ரவரியில் பாம்பன் கடலுக்கு மேல் ரயில் ஓடத் தொடங்கியபோது, துருப்பிடிக்காத எஃகு பிறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. தேய்ந்துபோகாத துப்பாக்கிக் குழலுக்கு உலோகம் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913 ஆகஸ்டில்தான் குரோமியம் கலந்த அந்த எஃகை உருக்கியெடுத்தார். பழைய பாம்பன் பாலம் சாதாரண எஃகில் எழுந்தது. துருவைச் சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதுமாகவே அதன் நூறாண்டுக்கு மேற்பட்ட ஆயுள் கழிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தி, மேலே பாலிசைலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. இந்தக் கரையின் காற்று அப்படிப்பட்டது. பாலத்தைத் தின்னும் அதே காற்றுதான் ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் அடுக்களை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. சிங்க்குக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை.

எந்த சிங்க் வாங்குவது என்ற கேள்வி தனுஷ்கோடியில் எழாது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வசிக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்த மணல்திட்டு அது. இன்றும் அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கின்றன. பாத்திரம் கழுவுவது வெளியில்தான். சிங்க் என்ற சங்கதி மேற்கே, குழாயும் கான்கிரீட் மேடையும் உள்ள வீடுகளில் தொடங்குகிறது.

எவர்சில்வருக்குத் துரு வராது என்பது பாதி உண்மை. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் சில நானோமீட்டர் கனமுள்ள ஒரு படலமாகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் காவல். கீறல் விழுந்தால், காயத்தில் பொருக்குக் கட்டுவதுபோல அது தானே மூடிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடுக்கு மட்டும் அது அசைந்துகொடுக்கும். படலம் எங்கே பலவீனமோ அங்கே குளோரைடு துளைக்கும். துளைக்குள் கரையும் உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலக் குழி மேலும் குளோரைடை இழுக்கும். வெளியே குண்டூசி முனையளவு புள்ளிதான் தெரியும். உள்ளே பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும்.

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது பளபளப்பையோ கனத்தையோ பற்றி அல்ல. எஃகின் ரகத்தைப் பற்றி. 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் அவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேரும். குளோரைடு துளைப்பதைத் தடுப்பதில் அதற்குத் தனித் திறமை உண்டு. 202 ரகத்தில் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். மதுரையில் அது பல வருடம் தாங்கலாம். ராமேஸ்வரத்தில் அதை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் 304 ரகம் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் குளோரைடு வரையும், 316 ரகம் சுமார் 1000 வரையும் தாங்கும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுவான வரம்பு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 250; வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரை அனுமதி. அதாவது, குடிக்கலாம் என்று சட்டம் சொல்லும் தண்ணீரே 304 ரகத்துக்கு அதிகமாகிவிடலாம். உவர்ப்பான போர்த் தண்ணீரில் பாத்திரம் கழுவும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஓடும் தண்ணீர் அவ்வளவு ஆபத்தில்லை. இரவில் சிங்க்கில் தங்கி மெல்லக் காயும் சொட்டுதான் வில்லன். நீர் வற்ற வற்ற உப்பு அடர்ந்துகொண்டே போகும்; காலையில் அந்த இடத்தில் இருப்பது ஏறக்குறைய கடல்நீர்.

கடைக்காரர் காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டுவார். ஒட்டாவிட்டால் அசல் என்பார். நம்பாதீர்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அசல் 304 தகட்டை அச்சில் அழுத்தித் தொட்டியாக்கும்போது வளைந்த மூலைகளில் லேசான காந்தத்தன்மை வந்துவிடுவதும் உண்டு. ஆக, நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை வாங்கவும் காந்தம் வழிகாட்டும்! 202 ரகத்தின் மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கும் சொட்டுமருந்து உண்டு. பழைய இரும்பு வாங்குபவர்களிடம்கூட அது இருக்கும். வீட்டு சிங்க்குகளுக்கென்றே ஐ.எஸ். 13983 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. கனம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தொட்டி 304 ரகமாக இருந்தாலும், கூடவே தரும் வேஸ்ட் கப்ளிங் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துரு அங்கிருந்தும் தொடங்கலாம். அதையும் கேட்டு வாங்குங்கள்.

உலோகமே வேண்டாம் என்றால் கல் இருக்கிறது. கொத்தனார் கட்டித்தரும் கடப்பாக்கல் தொட்டிக்கு உப்பு ஒரு பொருட்டில்லை. ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனம். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் அதை அரித்துச் சொரசொரப்பாக்கும். மீன் குழம்பு ஊரில் புளிக்கு எங்கே போய் ஒளிவது? கிரானைட் அதைத் தாங்கும். குவார்ட்ஸ் பொடியும் பிசினும் கலந்து வார்த்த தொட்டிகளும் உப்புக்கு அஞ்சாதவை. கனமான குண்டான் கை நழுவினால் விளிம்பு பெயரலாம், விலையும் கூடுதல். வாடகை வீட்டுக்கோ சிறிய அடுக்களைக்கோ 304தான் நியாயமான தேர்வு. போர்த் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கும் கடலை ஒட்டிய வீட்டுக்கும், சொல்லி வரவழைக்க வேண்டியிருந்தாலும், 316 ரகத்தையே பரிந்துரைப்பேன்.

வாங்கிய பிறகு வரும் வேலை சிறியது, தினசரியானது. மீனோ கருவாடோ கழுவிய பின் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றி, பழந்துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். இரும்பு அரிவாள்மனையையும் தோசைக்கல்லையும் இரவு முழுக்க உள்ளே போட்டுவைக்க வேண்டாம். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் எஃகில் பதிந்து துருவாகும். பச்சை நிற நைலான் நார் போதும். கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் குளோரின் வகையைச் சேர்ந்தவை. சிங்க்கின் பக்கமே அவற்றைக் கொண்டுபோகக் கூடாது. மேலே தேநீர் நிறத்தில் கறை படர்ந்தால் பயப்படாதீர்கள், அது தொடக்கம்தான். சமையல் சோடாவைக் குழைத்து, எஃகின் மேற்பரப்பில் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்தால் போய்விடும். பூட்டிக்கிடக்கும் வீட்டில்தான் தொல்லை: படிந்த உப்பைக் கழுவ ஆளில்லாததால் புழங்காத சிங்க் புழங்கும் சிங்க்கைவிட விரைவில் கெடும். வெளியூர் போகுமுன் துடைத்து உலர்த்தி, குழாய் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவுநீர் போகும் இடம் ராமேஸ்வரம் தீவில் இன்னும் முக்கியம். மணலுக்கடியில் மழைநீர், கனமான கடல்நீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஊற்றும் கிணறும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மணல் வடிகட்டும் என்று சோப்புத்தண்ணீரைக் கிணற்றடியில் விட்டால், சுற்றி வந்து குடத்துக்கே சேரும். ஜாலி போட்டுச் செதிலையும் எலும்பையும் பிடித்துவிட்டு, தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளி வாழைக்கோ தென்னைக்கோ திருப்புங்கள்.

கடைசியாக ஒன்று. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.